பக்கத்து நாற்காலி

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள யார்டுகளிலும் பல வருடம் உழைத்தவர்கள் எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் வேலைக்கு மாற முடியுமா? முடியும். அதற்கான பாதிப் பயிற்சியை வடசென்னை அவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

காலை ஒன்பது மணிக்கே சாத்தாங்காட்டில் வெயில் இரும்பில் ஏறிவிடுகிறது. எடைமேடைக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கோடவுன் வாசலில் ஹைட்ரா கிரேன் உறுமுகிறது. உள்ளே காயில்கள், ஆங்கிள், சேனல், கம்பிக் கட்டுகள். இந்தச் சத்தத்துக்கு நடுவே, அநேகமாக ஒவ்வொரு கடையிலும், கண்ணாடி அடைத்த சின்ன அறை ஒன்று இருக்கும். இரண்டு செல்போன், ஒரு கம்ப்யூட்டர், ஒரு நீள நோட்டு சகிதம் அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

முதலாளி எத்தனை மணிக்கு வருவார் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பார்ட்டியின் செக் இன்னும் பாஸாகவில்லை, எந்த லோடு இன்று கிளம்பாவிட்டால் நாளை சண்டையாகும், எந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடியப்போகிறது என்பதும் தெரியும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டு போன் செய்தால், “ஐயா வந்ததும் பேசச் சொல்றேண்ணே” என்று நிறுத்துவதா, உடனே முதலாளியை லைனில் பிடித்துக் கொடுப்பதா என்று இரண்டே நொடியில் முடிவெடுப்பார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், “பில்லிங்” என்பார். இல்லாவிட்டால், “டிஸ்பேட்ச் பாக்குறேன்” என்பார்.

இதே வேலையின் பெரும்பகுதியைக் கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்பவருக்கு எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் என்று பெயர். சுருக்கமாக இ.ஏ. அந்தப் பெயருக்கும் இந்த மேஜைக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதைக் கடக்க நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

இடம்பெயர்ந்து வந்த சந்தை

சாத்தாங்காடே ஒரு இடமாற்றத்தின் கதைதான். ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் இரும்பு வணிகமும் லாரிகளும் திணறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வணிகத்தை நகரின் வடக்கு விளிம்புக்குக் கொண்டுவர சி.எம்.டி.ஏ. அமைத்த சந்தை இது. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனதும் இதே யோசனையில்தான்.

சுற்றிலும் பார்த்தால் வேலை கொடுத்த பெயர்கள் நிறைய. மணலியில் சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கி டயர் நிறுவனமாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். எண்ணூரில் அசோக் லேலண்ட். 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்தத் துறைமுகங்களை நம்பி சரக்குப் பெட்டக நிலையங்கள் (சி.எஃப்.எஸ்.), கஸ்டம்ஸ் புரோக்கர்கள், டிரான்ஸ்போர்ட் அலுவலகங்கள்.

ஒரு தலைமுறைக்கு இந்த ஊரில் வேலை என்றால் ஆலைச் சங்கு. அடுத்த தலைமுறைக்கு அது கன்டெய்னர். தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ பி.காம். முடித்துவிட்டு, தெரிந்தவர் மூலமாக ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் டாக்குமென்டேஷன் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருடம் கழித்தும் அதே மேஜையில் இருப்பவர்கள் இங்கே ஏராளம். பொறுப்பு கூடியிருக்கும். பதவியின் பெயரோ மாறியிருக்காது, சம்பளமும் பெரிதாக ஏறியிருக்காது. வேறு வேலைக்குப் போகலாம் என்று நினைக்கும்போது, “எனக்கு இதைத் தவிர என்ன தெரியும்?” என்ற கேள்வி வந்து நிற்கும்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடினால், பட்டியல் நீளும்.

ஸ்டெனோ முதல் இ.ஏ. வரை

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். நம் தாத்தா காலத்து அலுவலகங்களில் ஸ்டெனோ இருந்தார். துரை சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைப்பார். தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்கள் இருந்த காலம் அது. ஆங்கிலத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ முடித்த சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் நிலப்பத்திரம் போல் பத்திரமாக இருக்கும். யாழ்ப்பாணத்து ஆர்.முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்துக் கொடுத்ததால், தமிழிலும் அந்தத் தொழில் வேர்விட்டது.

பிறகு பி.ஏ. வந்தார். போன், அப்பாயின்ட்மென்ட், பயணம், ஃபைல் எல்லாம் அவர் பொறுப்பு. எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் அதற்கு அடுத்த படி. மேலதிகாரியின் நேரத்தைத் திட்டமிடுபவர் அவர். ஒரு கூட்டத்துக்கு முன் எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு தயாரிப்பார். கூட்டம் முடிந்ததும் யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதி, அது நடக்கும்வரை பின்தொடர்வார். பத்து விஷயம் வாசலில் காத்திருக்கும்போது எதை முதலில் உள்ளே அனுப்புவது என்று தேர்ந்தெடுப்பார்.

இந்தியாவில் இந்தப் பெயரில் இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன நிர்வாகப் பணி. மற்றது, எம்.பி.ஏ. படித்த இளைஞர்களை நிறுவனத் தலைவரின் பக்கத்தில் ஓரிரு வருடம் வைத்து, கணக்கு அலசுவதும் திட்டங்களைக் கண்காணிப்பதுமாகப் பழக்கும் பணி. விளம்பரம் பார்க்கும்போது எந்த வகை என்று கவனிக்க வேண்டும். நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வகையே நுழைவாயில்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: காரியதரிசி. காரியத்தைப் பார்ப்பவர், காரியத்தின்மேல் கண் வைத்திருப்பவர் என்று பொருள். பி.ஏ. என்ற இரண்டெழுத்தைவிட இது வேலையைச் சரியாகச் சொல்கிறது. இன்னும் பின்னே போனால், சோழர் கல்வெட்டுகளில் இந்த வேலை மூன்று படியாகப் பிரிந்திருக்கிறது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்பவர் திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுதுபவர் திருமந்திர ஓலை. எழுதியதைச் சரிபார்த்து ஒப்பமிடுபவர் திருமந்திர ஓலை நாயகம். கேட்பது, எழுதுவது, சரிபார்ப்பது. இன்றைக்கு மீட்டிங் மினிட்ஸ் அனுப்பும் இ.ஏ. இந்த மூன்றையும் ஒரே ஆளாகச் செய்கிறார்.

திருவொற்றியூர்க் கோயிலுக்கே இது சம்பந்தமாக ஒரு தலபுராணம் உண்டு. கோயில்களுக்கான செலவைக் குறைத்து மன்னன் ஒரு ஓலை அனுப்பினானாம். அதன் வரிகளுக்கு இடையே, ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்ற சொற்கள் எவரும் அறியாமல் ஏறியிருந்தனவாம். எழுதியது இறைவனே என்று தெளிந்தார்கள். அதனால் அங்கே சிவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். ஓர் ஆணையின் நடுவில் ஏறும் ஒரு வரி ஓர் ஊரின் நிலையையே மாற்றும் என்பதை இந்தக் கதை சொன்னவர்கள் அறிந்திருக்கிறார்கள். அடுத்தவர் பெயரில் போகும் கடிதத்தைத் தயாரிப்பவர்களும் அதை அறிந்திருக்க வேண்டும்.

துறைமுகத்துக்கு வந்த கணக்கு ஆசிரியர்

வேலை மாறி இந்த நாற்காலிக்கு வந்த ஒருவரின் கதை நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகிறது. அவர் பெயர் எஸ்.நாராயண ஐயர்.

அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஆசிரியர் வேலையை விட்டு மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டுக்கு வந்தார். அங்கே சேர்மன், பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் திறந்தவர். சென்னைத் துறைமுகத்துக்கு இன்றைய உருவம் கிடைக்கக் காரணமானவர்களில் ஒருவர். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்து அலுவலகத்தை நடத்தியவர் நாராயண ஐயர். மேலாளர் என்றும் தலைமைக் கணக்கர் என்றும் நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் என்ற பெயர் அன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் சேர்மனின் காதுக்கு எது போக வேண்டும் என்று அறிந்திருந்த மனிதர் அவர்தான்.

1912 மார்ச் 1-ம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு கிளார்க் வந்து சேர்ந்தார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். அவர் எழுதிவைத்திருந்த கணக்குகளின் மதிப்பை உணர, அந்த அலுவலகத்தில் கணிதம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அவர் இருந்தார். வேலை நேரம் முடிந்த பிறகு இருவரும் சிலேட்டுகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

நாராயண ஐயர் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை இன்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு கடைநிலை கிளார்க்கின் விஷயத்தை ஸ்பிரிங்கின் மேஜைக்குக் கொண்டுபோனார். ஸ்பிரிங்குக்கு ஆயிரம் கவலை: கப்பல், மணல், கிரேன், பட்ஜெட். அவற்றுக்கு நடுவே இதற்கும் இடம் வாங்கிக் கொடுத்தார். ஸ்பிரிங் தன் செல்வாக்கைப் பயன்படுத்தினார். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனுக்கு உதவும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17-ம் தேதி இதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பல் ராமானுஜனை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

இதில் மூன்று விஷயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். நாராயண ஐயர் தன் பழைய தொழிலைத் தூக்கி எறியவில்லை. ஆசிரியராகப் பெற்ற கணித அறிவே புதிய நாற்காலியில் அவருக்குப் பெரிய பலமாக இருந்தது. மேலதிகாரியின் நம்பிக்கையை முதலில் சம்பாதித்திருந்தார். அதனால்தான் அவர் சொன்ன சொல் எடுபட்டது. அந்த நம்பிக்கையைத் தனக்காக மட்டும் செலவழிக்காமல் வேறொருவருக்காகச் செலவழித்தார். பெரிய மேஜைக்குப் பக்கத்தில் உட்காருவதன் உண்மையான அர்த்தம் இந்த மூன்றாவதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அந்த நாற்காலி எங்கே கொண்டுபோகும்?

“எவ்வளவு செஞ்சாலும் கடைசியில அவர் பேர்தானே நிக்கும்?” இந்த வேலையைப் பற்றிய பெரிய தயக்கம் இது. நியாயமான தயக்கமும்கூட. பக்கத்தில் இருப்பதையே வாழ்நாள் நிறைவாகக் கொண்டவர்கள் உண்டு. காந்தியின் கடைசி ஆண்டுகளில் அவருடைய தனிச்செயலராக இருந்த வி.கல்யாணம் ஒரு தமிழர். காந்தியின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர். 1948 ஜனவரி 30 அன்றும் அவர் காந்தியின் அருகில் இருந்தார். பின்னாளில் சென்னையில் வாழ்ந்து, 2021 மே மாதம் 98 வயதில் மறைந்தார். சரித்திரத்தை மிக அருகிலிருந்து பார்த்த சாட்சியாக அவரைத் தேடி வந்தவர்கள் ஏராளம்.

அங்கிருந்து மேலே ஏறியவர்களும் உண்டு. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என்.சந்திரசேகரன், 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த எஸ்.ராமதுரையின் எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட்டாகப் பணியாற்றினார். 2009-ல் அவரே அந்தப் பதவிக்கு வந்தார். 2017-ல் டாடா சன்ஸின் சேர்மன்.

அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் உர்சுலா பர்ன்ஸ் ஒரு பொறியாளர். எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் வேலைக்கு அழைப்பு வந்தபோது, இது முட்டுச்சந்தாகிவிடுமோ என்ற தயக்கம் அவருக்கும் இருந்தது. ஏற்றுக்கொண்டார். 1991-ல் நிறுவனத் தலைவர் பால் அலேருக்கே உதவியாளர் ஆனார். 2009-ல் அவரே ஜெராக்ஸின் தலைமைச் செயல் அதிகாரி. அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்.

எல்லோரும் சேர்மன் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. இருவருமே இந்த நாற்காலிக்கு வரும் முன்பே தம் துறையில் தேர்ந்தவர்கள். ஒரு நிறுவனத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த மேஜையிலும் கிடைப்பது அரிது. கவனித்துக் கற்றவர்களுக்கு அங்கிருந்து ஆபரேஷன்ஸ், மனிதவளம், கொள்முதல், நிர்வாகம் என்று பல கதவுகள் திறக்கும்.

கையில் இருக்கும் சரக்கு

இப்போது சாத்தாங்காட்டு மேஜைக்குத் திரும்புவோம். அங்கே இருப்பவருக்கு என்ன தெரியும்?

முதலில், நேரத்தின் விலை. இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பொது விதி. தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டணமில்லாத ஃப்ரீ டேஸ் முடிந்தால் கன்டெய்னருக்கு டிடென்ஷன் கட்டணம் தனியாக ஓடும். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆயுள். நீளமான பீம் ஏற்றிய ஓவர் டைமென்ஷன் வண்டி என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான். காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியில் நீட்டிக்க வேண்டும். வண்டி நடுவழியில் பிரேக்டவுன் ஆனால், இரவு பதினொரு மணிக்கு டிரைவர் போன் செய்வது இந்த மேஜைக்காரருக்குத்தான். இப்படிப்பட்ட காலக்கெடுக்களோடு வாழ்ந்தவருக்கு ஒரு டைரக்டரின் காலண்டரை நிர்வகிப்பது புதிய வித்தை ஆகாது. பொருள் மாறுகிறது, கண் அதேதான்.

இரண்டாவது, பல தரப்போடு பேசும் பழக்கம். லோடுமேனிடம் ஒரு பேச்சு, மில் விற்பனை அதிகாரியிடம் ஒரு பேச்சு, கஸ்டம்ஸ் அலுவலகத்தில் வேறொரு பேச்சு. தமிழ், தெலுங்கு, இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் கலந்து காரியம் முடிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். கோபமாக இருப்பவரைத் தணிக்கவும், “பாக்கலாம்” என்று நழுவுபவரிடம் தேதி வாங்கவும் தெரியும்.

மூன்றாவது, காகித ஒழுங்கு. மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் சரக்கின்மேல் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பழகிய கண், ஒப்பந்தத்தில் தேதி மாறியிருந்தால் சட்டென்று பிடித்துவிடும்.

நான்காவது, வாய்க்கட்டு. முதலாளி யாருக்கு என்ன விலை கொடுத்தார் என்பது வெளியே போகக் கூடாது என்று இந்தச் சந்தை கற்றுக்கொடுத்திருக்கிறது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் சான்றிதழ் கிடைக்காத தகுதி இது. இ.ஏ. வேலையின் உயிரும் இதுதான்.

சிக்கல் எங்கே என்றால், பயோடேட்டாவில் இவை எதுவும் ஏறுவதில்லை. “பில்லிங், டிஸ்பேட்ச், டேலி தெரியும்” என்று ஒரே வரியில் பத்து வருடம் முடிந்துவிடுகிறது. அதை விரித்து எழுதுங்கள். ஒரு நாளில் சராசரியாக எத்தனை வண்டிகளை ஒருங்கிணைத்தீர்கள், எத்தனை சப்ளையர்களோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தீர்கள், முதலாளி ஊரில் இல்லாதபோது எந்த முடிவுகளை நீங்களே எடுக்க அனுமதி இருந்தது என்று எண்ணோடு எழுதுங்கள். எண்கள் உண்மையாக இருக்கட்டும். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

புதிதாகப் பழக வேண்டியவை

பாதிச் சரக்கு கையில் இருக்கிறது என்றால் மறுபாதியைச் சேர்க்க வேண்டும்.

ஆங்கில எழுத்து முதலில் வருகிறது. பேச்சைவிட எழுத்து முக்கியம். இ.ஏ.வின் மெயில் மேலதிகாரியின் முகமாகப் போகிறது. சின்ன வாக்கியங்கள், தெளிவான தேதி, கேட்க வேண்டியதை முதல் இரண்டு வரியிலேயே கேட்பது. இதற்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டாம்.

அடுத்தது தட்டச்சு. தமிழகத்தில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அதே இயக்ககத்தின் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் உண்டு. தனியார் வேலை அமையாவிட்டாலும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்கு இந்தச் சான்றிதழ்கள் கதவு திறக்கும். ஐ.டி.ஐ. வழியாகப் போக விரும்புபவர்களுக்கு ஸ்டெனோகிராபர் மற்றும் செகரட்டேரியல் அசிஸ்டென்ட் என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது.

பிறகு கருவிகள். எக்ஸெல்லில் ஒரு பட்டியலை வடிகட்டி ஒரே பக்கத்தில் சுருக்கித் தருவது, காலண்டரில் அழைப்பு அனுப்புவது, ஆன்லைன் கூட்டத்தைத் தடங்கல் இல்லாமல் நடத்துவது. கூட்டத்தில் பேசியதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். பேசியது முழுவதையும் மென்பொருள் எழுதிவிடும். பேசியதில் எது முடிவு, எது வெறும் கோபம், எதை எழுத்தில் வைக்கவே கூடாது என்று பிரிப்பதற்கு அந்த அறையில் இருந்த மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மினிட்ஸ் எழுதும் பயிற்சி. இதற்கு வகுப்புக்குப் போக வேண்டாம். உங்கள் கடையிலேயே முதலாளியும் சப்ளையரும் பேசி முடித்ததும், என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்று ஐந்து வரி எழுதிப் பாருங்கள். ஒரு மாதம் எழுதினால் கை பழகிவிடும்.

யோசித்து இறங்குங்கள்

நல்லதை மட்டும் சொல்லி அனுப்புவது தவறு. புது ஊழியராகச் சேரும்போது பழைய அனுபவத்தை முழுதாகக் கணக்கில் எடுக்காத நிறுவனங்கள் உண்டு. தொடக்கச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். குடும்பத்தில் கலந்து பேசி, சில மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. அதே நிறுவனத்தில், இப்போதைய முதலாளியிடமே இந்தப் பொறுப்பைப் பெயரோடு கேட்டுப் பெறுவதும் ஒரு வழி. வேலை மாற ஊரே மாற வேண்டும் என்பதில்லை.

இன்னொரு ஆபத்து, வேலையின் எல்லை. உதவியாளர் என்ற பெயரில் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவது முதல் வீட்டு விசேஷத்துக்குப் பூ வாங்குவது வரை தலையில் விழும் இடங்கள் இருக்கின்றன. சில வேலைகளை அன்போடு செய்யலாம். ஆனால் அதுவே முழுநேர வேலையாகிவிட்டால், கற்றுக்கொள்ள வந்தவர் கற்காமலே திரும்புவார்.

பெண்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. மூடிய அறை, இரவு நேர போன், வெளியூர்ப் பயணம் எல்லாம் இந்த வேலையில் வரக்கூடும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். பத்துக்குக் கீழ் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். சேரும் நாளிலேயே குழுவில் யார் யார் என்று கேட்பதில் தவறே இல்லை.

பயணம் ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தெற்குச் சென்னைக்கு ஒவ்வொரு நாளும் போய் வருவதை நினைத்தே வேலையை வேண்டாம் என்றவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. இப்போது திருவொற்றியூர் தேரடியில் ஏறினால், ரயில் மாறாமலே மண்ணடி, சென்ட்ரல், தேனாம்பேட்டை, கிண்டி. தெற்கே உள்ள அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்கும் துணிச்சலை அந்தத் தண்டவாளம் நமக்குத் தந்திருக்கிறது.

இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டிய ஐந்து

1. இந்தப் பணியில் நான் ஒருவருக்கு உதவியாளரா, பலருக்கா? பலருக்கு என்றால் யாருடைய வேலைக்கு முன்னுரிமை?

2. கூட்டங்களில் நான் உட்கார்ந்து குறிப்பெடுப்பேனா, வெளியே காத்திருப்பேனா? இதற்குக் கிடைக்கும் பதிலில் வேலையின் தரம் தெரிந்துவிடும்.

3. அலுவலக நேரத்துக்குப் பிறகு எத்தனை மணி வரை போன் எடுக்க வேண்டும்? விடுமுறை நாளில் என்ன ஏற்பாடு?

4. இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது எங்கே? அதே நிறுவனத்தில் மேலே போயிருந்தால் நல்ல அறிகுறி.

5. பி.எஃப்., இ.எஸ்.ஐ., பயணப்படி உட்படச் சம்பளப் பிரிவுகளை எழுத்தில் தருவீர்களா?

நாளைக் காலை

நூறு வருடங்களுக்கு முன், கடற்கரைச் சாலையில் இருந்த போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் நாராயண ஐயர் என்ன செய்தார் என்று மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். மேஜையில் குவிந்த எத்தனையோ காகிதங்களில், ஒரு கிளார்க்கின் நோட்டுப் புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்தார். மேலதிகாரிக்கு நேரம் இருந்த ஒரு தருணத்தில் அதை முன்னால் வைத்தார்.

நாளைக் காலை சாத்தாங்காட்டில் கண்ணாடி அறையைத் திறந்து உட்காருபவர் இதைத் தொடங்கலாம். முதலாளி வருவதற்கு முன், ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதி அவர் மேஜையில் வையுங்கள்: இன்று அவர் கட்டாயம் முடிவெடுக்க வேண்டியது, நாளைக்குத் தள்ளக்கூடியது, அவர் மறந்திருக்கக்கூடியது. யாரும் கேட்கவில்லையே என்று தயங்காதீர்கள். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எட்டாம் நாள் அந்தத் தாள் இல்லையென்றால், முதலாளியே கதவைத் திறந்து கேட்பார்: “இன்னைக்கு லிஸ்ட் எங்கேம்மா?”